ஒற்றைக் காதோடு ஒன்பது நாள்

சத்தம் சேர்க்கப் புதுச்சேரிக்குப் போகிறேன் என்று சொன்னபோது என் மகன் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தான். “ஏம்மா, ஈப்போவில சத்தம் தீர்ந்து போச்சா?” என்று கேட்டான்.

தீரவில்லை. சேர்த்த சத்தத்தை வைத்து என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. மலேசியாவின் ஈப்போவில் ஒரு மருத்துவமனையில் காது பரிசோதிக்கும் வேலை பார்த்தவள் நான். கண்ணாடி அறைக்குள் ஆளை உட்கார வைத்து, தலையில் ஹெட்போன் மாட்டி, “சத்தம் கேட்டா பட்டனை அழுத்துங்க” என்று சொல்வதுதான் தொழில். ஓய்வு பெற மூன்று வருஷம் இருக்கும்போது ஒருநாள் காலையில் எழுந்தால் என் இடது காது கேட்கவில்லை. சிலருக்குக் காரணமே இல்லாமல் அப்படிப் போகும். மருந்து கொடுத்தார்கள், போனது போனதுதான். என்னை நானே அந்தக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துப் பரிசோதித்தேன். தாளில் விழுந்த கோட்டைப் பார்த்துவிட்டு, அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன். மகனுக்கும் டாக்டருக்கும் தவிர யாருக்கும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் கைக்கு அடக்கமான ஒரு ரெக்கார்டர் வாங்கினேன். மிச்சமிருக்கிற காதைச் சும்மா வைத்திருக்க மனசு வரவில்லை. காலைச் சந்தை, ரப்பர் தோட்டத்து மழை, அடுத்த வீட்டுச் சீனக் கிழவரின் தும்மல் என்று கண்டதையும் பதிவு செய்தேன். இணையத்தில் தேடியபோது ஒலிக்கலை என்று ஒன்று இருப்பது தெரிந்தது. பாட்டும் இல்லை, நாடகமும் இல்லை. சத்தங்களைப் பொறுக்கி, அடுக்கி, ஓர் இடத்தில் வைத்து மனிதர்களைக் கேட்க வைக்கிற கலை. அதைத் தமிழிலேயே சொல்லித்தர ஒருத்தி கிடைத்தாள். இந்துமதி, வயது முப்பத்தொன்று, ஊர் புதுச்சேரி. எட்டு மாதம் குரல் செய்திகளிலேயே பாடம் நடந்தது. கடைசியில் அவளே சொன்னாள்: “புஷ்பாக்கா, ஒரு வாட்டி நேர்ல வாங்க. ஒரு வேலைய முழுசா முடிச்சு நாலு பேருக்குப் போட்டுக் காட்டுவோம்.”

அவளிடமும் காதைப் பற்றி நான் சொல்லியிருக்கவில்லை. காது கேட்காதவளுக்கு யார் ஒலிக்கலை சொல்லித் தருவார்கள்?

சனிக்கிழமை காலை முதலியார்பேட்டையில் இறங்கினேன். இந்துமதி வீட்டுக்கு எதிரே மாடியில் எனக்கு ஓர் அறை. அவள் ஸ்கூட்டரிலிருந்து ஒரு காலை ஊன்றியபடி என்னை மேலும் கீழும் பார்த்தாள். “போன்ல பெரிய உருவமா நெனச்சேன். குள்ளமா இருக்கீங்க!” என்றாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது.

மரியாதைக்கு, “பசியாறியாச்சா?” என்று கேட்டேன். எங்கள் ஊரில் காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்கிற விதம் அதுதான். அவள் திகைத்தாள்.

“பசியா? இப்பத்தானே நாலு இட்லி சாப்ட்டேன்.”

“அதைத்தான் கேட்டேன்.”

“அப்ப டிபன் ஆச்சான்னு கேளுங்க. நான் ஏதோ பட்டினி கெடக்கறேன்னு நெனச்சுட்டேன்.”

ஒரே தமிழைப் பேசிக்கொண்டு ஒருவரை ஒருவர் திகைக்க வைப்பதில் அந்த வாரம் முழுக்க எங்களுக்குச் சலிப்பே வரவில்லை. நான் கார் என்பதற்குக் காடி என்றால் அவள் மாட்டைத் தேடுவாள். அவள் உட்காரச் சொல்லிக் “குந்துங்கக்கா” என்றால் நான் நொண்டியடிக்கச் சொல்கிறாளோ என்று நிற்பேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் என்னை காந்தி வீதியின் சன்டே மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போனாள். ஒரு வீதி முழுக்கத் துணி, செருப்பு, பழைய புத்தகம், உடைந்த கடிகாரம். கூட்டம் என்றால் எனக்குப் பயம். ஒற்றைக் காதுக்காரர்களுக்குச் சத்தம் கேட்கும், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதுதான் தெரியாது. ஹாரன் அடித்தால் நான் நேராக அந்த வண்டியை நோக்கியே நடப்பேன். இந்துமதி என் வலப்பக்கமாகவே வந்துகொண்டிருந்தாள். தற்செயல் என்று நினைத்தேன். பழைய சாமான்கள் குவிந்திருந்த ஓரிடத்தில் அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கிழியாத ஸ்பீக்கர்களாகத் தட்டித் தட்டிப் பொறுக்கினாள். கோணிப்பை நிறைந்தது. எதற்கு என்று கேட்டேன். “தெரியாது. ஆனா ஸ்பீக்கர் வேஸ்ட்டாவாது” என்றாள்.

அன்று மதியம் அவள் வீட்டில் சாப்பாடு. வஞ்சரம் மீன் குழம்பு, நெத்திலி வறுவல். எங்கள் ஊர் மீன் குழம்பில் அசம்புளி போடுவோம். அது புளிப்பில் ஒரு குத்து விடும். இது புளியும் மிளகாயும் சேர்ந்து நாக்கில் நிதானமாக நடந்துபோகிற குழம்பு. மூன்று முறை சோறு வாங்கினேன்.

பரிமாறியவர் அவள் அப்பா ஏழுமலை. அம்மா இல்லை, போய் ஆறு வருஷம். அவர் ஒரு காலத்தில் மில்லில் தறிப் பிரிவில் இருந்தவர். மில் மூடியபின் பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிறார். உரக்கப் பேசுகிறார். நான் “குழம்பு நல்லா இருக்குங்க” என்றதற்கு “தோ, தண்ணி எடுத்தாரேன்” என்று எழுந்து போனார். தொழில் புத்தி எனக்கு உடனே சொல்லிவிட்டது: தறிச் சத்தம் தின்ற காது.

திங்கட்கிழமை முதல் பாடம். பெரிய மார்க்கெட்டின் மீன் பகுதி வாசலில் நிறுத்தி, என் ரெக்கார்டரை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“இன்னிக்கு இது கெடையாது. உள்ள போங்க, அர மணி நேரம் சுத்துங்க. ஒரே ஒரு சத்தத்தோட வாங்க.”

“ஒன்றா? நான் ஒரு காலையில நாற்பது பிடிப்பேன்.”

“தெரியும். நாப்பதும் கேட்டுட்டேன். எல்லாம் அழகாத்தான் இருக்கு. ஆனா உங்களுக்கு எது வேணும்னு ஒண்ணுலயும் தெரியல.”

சுருக்கென்றது. கோபத்தோடுதான் உள்ளே போனேன். செதில் தேய்க்கிறார்கள், விலை கூவுகிறார்கள், தண்ணீர் அடிக்கிறார்கள். எல்லாம் ஒரே கஞ்சியாகக் கலந்து என் வலது காதில் ஊற்றியது. கடைசியில் ஒரு மூலையில் பெரிய ஐஸ் பாளத்தைக் கோணியில் சுற்றிக் கட்டையால் அடித்துக்கொண்டிருந்த அம்மாளிடம் வந்து நின்றேன். முதல் மூன்று அடியில் ஒன்றும் ஆகவில்லை. நாலாவதில் உள்ளே எங்கோ கிறுக்கென்று ஒரு கோடு ஓடியது. உடைவதற்கு முந்தைய சத்தம். அந்தம்மா என்னைப் பார்த்து, “இன்னாமா, ஐஸ் ஒடைக்கறத பாத்ததில்லியா?” என்றார். “கேட்டதில்லை” என்றேன். அவர் சிரித்துவிட்டு எனக்காக இன்னும் ஒரு பாளம் உடைத்துக் காட்டினார்.

வெளியே ஓடி வந்து சொன்னேன். இந்துமதி ரெக்கார்டரைக் கையில் கொடுத்தாள். “இப்ப போய் புடிங்க.”

செவ்வாய் மாலை பெத்தாங் ஆடுகிற இடத்துக்குப் போனோம். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன ஆட்டம். இரும்புப் பந்தை உருட்டிச் சின்ன மரப்பந்துக்கு அருகில் கொண்டு சேர்க்க வேண்டும். பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்குகிற பெரியவர்களும், கொத்து வேலை முடித்து நேராக வந்த ஆட்களும் சரிசமமாக ஆடுகிறார்கள். பந்தோடு பந்து மோதும்போது பூசை மணியின் நாக்கைப் பாதியில் பிடித்து நிறுத்தினாற்போல் ஒரு சத்தம். நான் மண்ணில் முழங்காலிட்டுப் பிடித்துக்கொண்டிருந்தேன். எந்தப் பந்து அருகில் என்று சண்டை வந்தது. தொப்பிக்காரர் ஒருவர் பிரெஞ்சில் பொரிந்தார். இந்துமதி குனிந்து என் வலது காதில் மொழிபெயர்த்தாள்: “‘முப்பது வருஷமா என் கண்ணு அளந்துனு இருக்கு. உன் நூலு நேத்துதான் பொறந்துச்சு’ங்கறாரு.” நூலால் அளந்தவர், ‘ஐயா’வை மட்டும் பிரெஞ்சில் வைத்துக்கொண்டு, தமிழில் பதில் சொன்னார்: “உங்க கண்ணுக்குக் கண்ணாடி போட்டே பத்து வருஷம் ஆவுது, முசே.”

புதன்கிழமைதான் சறுக்கியது.

இந்துமதியின் வேலை இடம் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையின் மூலை. இயந்திரங்களை வெளியூருக்கு அனுப்பப் பலகைப் பெட்டி செய்கிற பட்டறை அது. முதலாளி கஜேந்திரன் அவளோடு பள்ளியில் படித்தவர். அங்கே உட்கார்ந்துதான் அவள் கல்யாண வீடியோக்களுக்கு ஒலி சரிசெய்து வயிற்றைக் கழுவுகிறாள். மிச்ச நேரத்தில் தன் கலை. நான் முந்திய இரவு கம்ப்யூட்டரில் ஐஸையும் இரும்புப் பந்தையும் கோத்து ஐந்து நிமிடத்துக்கு ஒன்று செய்திருந்தேன். அவள் ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். முதல் நிமிடத்திலேயே முகம் சுருங்கியது. கழற்றி வைத்தாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நாளைக்குப் பேசலாம்க்கா. காலைல காலாப்பட்டு போய் மீன் வல இழுக்கற சத்தத்த புடிங்க. நான் ஸ்கூட்டர்ல நேரா வந்துடறேன்.”

அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை. அறையில் அதே ஐந்து நிமிடத்தைப் பத்து முறை கேட்டேன். என் காதுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

வியாழன் காலை பஸ் ஸ்டாண்டு. ஈ.சி.ஆர். வழியாகச் சென்னை போகிற பஸ் ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. உள்ளே சினிமாப் பாட்டு அலறியது. இடப்பக்கம் நின்ற கண்டக்டரிடம் “காலாப்பட்டு போகுமா?” என்று கேட்டேன். “போவுது” என்றார். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர்ப் பேருந்தில் சினிமாப் பாட்டு கிடையாது. குளிர்பதனம் உண்டு, எல்லாரும் தூங்குவார்கள். இங்கே யாரும் தூங்கவில்லை. முன் சீட்டில் ஒரு பெண் தன் மாமியார் வீட்டுக் கதையை போனில் மூன்றாம் முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கண்டக்டர் என்னிடம் வந்து சேர்ந்தபோது பல்கலைக்கழக வாசல் ஜன்னலில் ஓடி மறைந்தது.

“காலாப்பட்டு ஒண்ணு.”

“யம்மா! ஏறும்போதே போவாது, போவாதுன்னு ரெண்டு வாட்டி சொன்னனே! காலாப்பட்டுல நிக்காது, இப்பத்தான் தாண்டிச்சு. இனிமே மரக்காணம்தான்.”

போவாது. போவுது. பஸ்ஸே திரும்பி என்னைப் பார்த்தது. மாமியார் கதைக்காரி போனில் “இரு, இங்க ஒரு அம்மா தப்பா ஏறிட்டாங்க” என்று நேரடி வர்ணனை கொடுத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தப்பு பஸ் ஏறியதற்காக இல்லை. இதே போல எத்தனை ‘போவாது’களை ‘போவுது’ என்று கேட்டுக்கொண்டு தலையாட்டியிருப்பேன் என்று நினைத்தேன்.

மரக்காணத்தில் இறங்கி, சாலையோரத்தில் கேப்பங்கூழ் விற்ற அம்மாளிடம் ஒரு சொம்பு வாங்கிக் குடித்தேன். தொட்டுக்கொள்ளச் சுட்ட கருவாடும் மோர் மிளகாயும் கொடுத்தார். அழுதபின் குடிக்க அதைவிடச் சரியான பானம் உலகத்தில் இருக்க முடியாது. தெம்பு வந்து இந்துமதிக்கு போன் செய்தேன். “டவுன் பஸ்ஸப் புடிச்சுத் திரும்பி வாங்க. நான் காலாப்பட்டு ஸ்டாப்லயே நிக்கறேன்” என்றாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது வலையும் மீனும் மனிதர்களும் வீட்டுக்குப் போயிருந்தார்கள். கடற்கரையில் படகு நிழலில் உட்கார்ந்தோம். அவள் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று ஆரம்பித்தேன்.

“இந்து, எனக்கு இடது காது கேட்காது. சுத்தமா. உன்கிட்ட மறைச்சுட்டேன்.”

அவள் மணலைக் கிளறிக்கொண்டே, “தெரியும்க்கா” என்றாள்.

“எப்போதிலிருந்து?”

“மொத மாசம். நீங்க அனுப்புன எல்லாத்துலயும் எடது பக்கம் ஒரு கொர்ருன்னு எரைச்சல். ஒயர் போயிருக்கும். ரெண்டு காதும் கேக்கறவங்க ஒரு நாள் கூட அத தாங்க மாட்டாங்க. நேர்ல பாத்ததும், நீங்க தலைய சாய்க்கற விதம். எங்கப்பா வீட்ல அப்பிடித்தான்.” தன் போனில் என் ஐந்து நிமிடத்தை எடுத்து, ஹெட்போனை இடம் வலமாகத் திருப்பி என் தலையில் மாட்டினாள். “கேளுங்க.”

கேட்டேன். அரிசி மில்லுக்குள் தலையை விட்டாற்போல் இருந்தது. ஐஸும் இல்லை, பந்தும் இல்லை. எட்டு மாதமாக இந்த இரைச்சலையா இவளுக்கு அனுப்பி, “எப்படி இருக்கு?” என்று பெருமையாகக் கேட்டேன்? முதலில் வெட்கமாக இருந்தது. அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். படகில் காய்ந்த வலை மேல் உட்கார்ந்திருந்த காக்கை எங்களைப் பிடிக்காமல் பறந்துபோனது.

“ஏன் சொல்லல?”

“நீங்களே சொல்லட்டும்னுதான். எங்கப்பாவுக்கு ஒத்துக்கவே பத்து வருஷம் ஆச்சு. நீங்க எட்டு மாசத்துல சொல்லிட்டீங்க.” பிறகு குரல் மாறியது, பாடம் எடுக்கும் குரல். “இத்தினி நாள் ரெண்டு காதுக்காரங்க பண்றத பாத்துப் பண்ணீங்க. எடது, வலது, ஹெட்போன், எல்லாத்தையும் வுட்ருங்க. ஒரு சத்தத்துக்கு ஒரு பெட்டி. பட்டறைல அங்கங்க வைப்போம். ஜனங்க நடந்து போய்க் கேக்கட்டும். கிட்டப் போனா பெருசு, தள்ளி வந்தா சிறுசு. நீங்க அப்பிடித்தானே கேக்கறீங்க?”

அப்படித்தான் கேட்கிறேன். எது எங்கிருந்து வருகிறது என்று தெரியாதபோது, தலையைத் திருப்பி, இரண்டடி நடந்து, கிட்டப் போய்க் கண்டுபிடிக்கிறேன். அதைக் குறை என்றுதான் நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை பட்டறையில் திருவிழா. கஜேந்திரன் மிச்சப் பலகைகளில் ஆறு பெட்டி அடித்துக் கொடுத்தார். கோணிப்பையிலிருந்த சன்டே மார்க்கெட் ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. ஆணி அடிக்கிறவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒன்றுக்கு ஐஸ், ஒன்றுக்கு இரும்புப் பந்து, ஒன்றுக்கு அந்தச் சென்னை பஸ் (ரெக்கார்டர் என் மடியில் ஓடிக்கொண்டேதான் இருந்தது; கண்டக்டரின் “யம்மா!” அட்டகாசமாக விழுந்திருந்தது), ஒன்றுக்குக் கடற்கரைச் சாலைப் பாறையில் அலை, ஒன்றுக்கு இந்தப் பட்டறையின் ரம்பம்.

“ஆறாவது?” என்றேன்.

“அது உங்களுது. எங்கிட்ட காட்ட வேணாம், கேக்கவும் வேணாம். நான் ஞாயித்துக்கெழம எல்லாரோடயும் சேந்து கேட்டுக்கறேன்” என்றாள்.

மதியம் அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துப் போகும் வழியில் பேச்சுவாக்கில் சொன்னாள்: “ஏழு வருஷமா இந்த வேல பண்றேன். அப்பா ஒண்ணு கூடக் கேட்டதில்ல. வருவாரு, நிப்பாரு, நல்லாருக்குன்னு சொல்லுவாரு. அவருக்கு ஒண்ணும் கேக்கலன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவருக்கும் தெரியும்.”

அன்று மாலை அவள் இல்லாத நேரம் பார்த்து ஏழுமலையிடம் போய், நேர் எதிரே நின்று, வாய் தெரிகிற மாதிரி நிதானமாகக் கேட்டேன்: “உங்க காதைப் பரிசோதிக்கவா?”

“அதெல்லாம் பாத்தாச்சும்மா. மிஷின் குடுத்தாங்க. போட்டா ஊர்ல இருக்கற ஹாரன்லாம் மண்டைக்குள்ள வந்து குந்திக்குது. கழட்டிப் பொட்டில வெச்சுட்டேன்.”

“மிஷின் இல்லை. எது கேட்கிறது என்று மட்டும் பார்க்கிறேன்.”

கண்ணாடி அறை இல்லாமல் முறையான பரிசோதனை கிடையாது. இருந்தாலும் நல்ல ஹெட்போனும் போனும் இருந்தால் ஏகதேசமாகத் தெரிந்துவிடும். கண்ணை மூடி உட்கார்ந்தார். கீச்சென்ற உயர்ந்த ஒலிகளுக்கு அவர் விரல் அசையவே இல்லை. கனத்த ஒலிகளுக்கு இறங்கி வர வர, ஒரு இடத்தில் ஆள்காட்டி விரல் எழுந்தது. இன்னும் இறக்கினேன், உடனே எழுந்தது. தறி எல்லாவற்றையும் தின்றுவிடவில்லை. அடித்தளத்தை விட்டுவைத்திருந்தது. இந்துமதியின் கலை முழுக்க மெல்லிய, கூர்மையான சத்தங்கள். இவருக்கு எட்டாத மேல்மாடியில் அவள் ஏழு வருஷமாகக் குடியிருந்திருக்கிறாள்.

சனிக்கிழமை தனியாக நோணாங்குப்பம் போனேன். இந்த முறை டெம்போ. ஏறுமுன் நாலு பேரிடம் கேட்டு, நாலு பேரின் வாயையும் பார்த்து உறுதி செய்துகொண்டேன். படகுத் துறையில் டீசல் படகின் இன்ஜின் பக்கத்தில் உட்கார அனுமதி வாங்கினேன். படகுக்காரர், “எல்லாரும் முன்னாடி குந்தறதுக்கு அடிச்சுப்பாங்க, நீங்க இன்ஜினாண்ட கேக்கறீங்களே” என்று கடைசி வரை சந்தேகமாகவே பார்த்தார். தொம் தொம் தொம் என்று அடிவயிற்றில் பேசுகிற இன்ஜின். ஏழுமலைக்கு இது போதும் என்று நினைத்தேன்.

மதியம் பட்டறையில் உட்கார்ந்து அதை வெட்டிக்கொண்டிருந்தபோது, வெள்ளிக்கிழமை பதிவு ஒன்றைத் தவறித் திறந்துவிட்டேன். ரம்பம் நின்றபின் ரெக்கார்டரை அணைக்க மறந்திருக்கிறேன். ஆணிகள், காலடிகள், அவற்றுக்கு நடுவே ஒரு முனகல். இந்துமதி. ஒயர் முறுக்கும்போது அவள் தன்னை அறியாமல் ராகமில்லாத ஒன்றை ம்ம்ம் என்று முனகிக்கொண்டிருந்தாள். மூன்று நிமிடத்துக்கு மேல் விட்டு விட்டு ஓடியது. அதை எடுத்தேன். அவள் எனக்கு எட்டு மாதமாகச் சொல்லித்தந்த வித்தையெல்லாம் போட்டு, ஏழுமலையின் விரல் எழுந்த இடத்துக்கு அந்தக் குரலை இறக்கினேன். எனக்கு எது வேணும் என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது.

ஞாயிறு மாலை ஐந்து மணி. பட்டறை ஆட்கள் குடும்பத்தோடு வந்தார்கள். பெத்தாங் மைதானத்திலிருந்து தொப்பிக்காரரும் நூல்காரரும் சேர்ந்தே வந்தார்கள். சாக்பீஸால் தரையில் அளந்து, ஒவ்வொரு பெட்டிக்கும் இடம் குறித்து வைத்திருந்தேன். எல்லாரும் வாசலிலேயே கும்பலாக நின்றார்கள். “எப்பப்பா ஆரம்பிப்பாங்க?” என்று ஒருவர் கேட்டார். “ஆரம்பிச்சாச்சு, நடங்க” என்றாள் இந்துமதி.

நடந்தார்கள். பத்தே நிமிடத்தில் என் சாக்பீஸ் கணக்கு நாசம். கஜேந்திரனின் மனைவி ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். ஆணியடிக்கிறவர் ஒருவர் பஸ் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, “யம்மா!” வரும்போதெல்லாம் யார் காதருகிலாவது நீட்டினார். தொப்பிக்காரர் இரும்புப் பந்துப் பெட்டியை இழுத்துப் போட்டு, “இது என் பந்து, சத்தத்துலயே தெரியுது” என்று சண்டையைத் தொடர்ந்தார். நான் தடுக்க ஓடினேன். இந்துமதி என் முந்தானையைப் பிடித்தாள்.

“வுடுங்கக்கா. அவங்கவங்க காதுக்கு அவங்கவங்க எடம் தேடிக்கறாங்க.”

ஏழுமலை வந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. ஒவ்வொரு பெட்டியிடமும் மரியாதையாக நின்றார், தலையாட்டினார். பிறகு வாசலுக்குப் போய் டீ கேனருகில் ஒதுங்கிக்கொண்டார். இந்துமதி அந்தப் பக்கம் பார்க்காமல் ஏதோ ஒயரைச் சரிசெய்வதாகப் பாவனை செய்தாள். அந்தப் பெட்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நான் போய் அவர் எதிரே நின்றேன். “ஒரு பெட்டி பாக்கி இருக்கு. உங்களுக்காகப் பண்ணினது.”

ஆறாவது பெட்டியின் முன் அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, இரண்டு உள்ளங்கைகளையும் பலகை மேல் வைத்தேன். ஓடவிட்டேன். அவர் உள்ளங்கைகளை இன்னும் அழுத்தினார். பிறகு புருவம் தூக்கினார். “போட்டு,” என்றார். “டீசல் போட்டு. நோணாங்குப்பமா?” நான் தலையாட்டினேன். அவர் பெட்டியை மடிக்கு இழுத்துக்கொண்டார். இன்ஜின் மெல்ல அடங்கி, முனகல் ஏறியது.

அவர் குனிந்தார். நெற்றி பலகையைத் தொட்டது.

“யாரோ மொனவறாங்க. ஆம்பளையா, பொம்பளையா?”

இந்துமதி ஒயரைப் போட்டுவிட்டு வந்தாள். அவளுக்கே அது தன் குரல் என்று புரிய ஒரு நொடி ஆனது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“உங்க பொண்ணு” என்றேன்.

அவர் அவளைப் பார்த்தார். “இவளா? நீ பாடுவியா?”

“பாட்டெல்லாம் இல்லப்பா.” வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு, அவர் பார்க்கிற மாதிரி சொன்னாள். “வேல செய்யும்போது சும்மா. எனக்கே தெரியாது.”

“வூட்லயும் உண்டா?”

“இருக்கும்.”

“இத்தினி வருஷமா வூட்ல பாடினு இருந்திருக்கியா!” என்றார். அவருக்கே உரிய உரத்த குரல். பட்டறை முழுக்கக் கேட்டது. பஸ் பெட்டிக்காரர் அதைத் தரையில் இறக்கி அணைத்தார். ஒவ்வொருவராக மற்ற பெட்டிகளையும் அணைத்தார்கள். தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். முனகல் முடிந்ததும் ஏழுமலை நிமிராமல், “இன்னொரு வாட்டி போடும்மா” என்றார். போட்டேன். நாலு முறை போட்டேன். ஐந்தாம் முறை இந்துமதி அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து, தன் உள்ளங்கையையும் பலகை மேல் வைத்து, பெட்டியோடு சேர்ந்து கீழ்க்குரலில் முனகத் தொடங்கினாள். அவர் ஒரு கையைப் பெட்டியிலிருந்து எடுத்து அவள் தொண்டை மேல் வைத்துப் பார்த்தார்.

இருட்டுவதற்கு முன் கூட்டம் கலைந்தது. பெட்டிகளை அடுக்கினோம். ஐந்துதான் இருந்தன. வாசலில் இந்துமதி ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தாள். பின்சீட்டில் ஏழுமலை, இருவருக்கும் நடுவே ஆறாவது பெட்டி. நான் ஏறிய ஆட்டோ அவர்களுக்குப் பின்னாலேயே போனது. முதலியார்பேட்டை திரும்புகிற வரை அவர் ஒரு சிக்னலில் கூடப் பெட்டியை விடவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் முன்னால் குனிந்து மகளிடம் ஏதோ சொன்னார். அவள் முழுசாகத் திரும்பி, வாய் தெரியப் பதில் சொன்னாள். பின்னால் ஹாரன் அடித்தவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.